கடை முன்னாடி பார்க்கிங் போட்ட கதை

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கடை முன்னாடி கார் நிக்க ஒரு இடம் பண்ணணும்.

புதுசா படிக்கிறவங்களுக்காக சொல்லிடறேன். நானும் என் மனைவி செல்வியும் ஜமுனாமரத்தூர் தாண்டி ரோட்டோரமா ஒரு சாப்பாட்டுக் கடை வச்சிருக்கோம். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, கொள்ளு ரசம். சமையல் முழுக்க செல்வி. நான் முன்னாடி உக்காந்து ரோட்டைப் பார்ப்பேன்.

அருவிக்குப் போற கார் எல்லாம் எங்க கடைகிட்ட வந்ததும் மெதுவாகும். உள்ள இருக்கறவங்க போர்டைப் படிப்பாங்க. அப்புறம் கண்ணு கீழ இறங்கி, கடைக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற சேத்தைப் பார்க்கும். கார் மறுபடி வேகமாப் போயிடும்.

ஒரே ஒருத்தர் மட்டும் தைரியமா உள்ள விட்டாரு. முன் சக்கரம் ரெண்டும் பாதி இறங்கிடுச்சு. பக்கத்து நிலத்துக்காரர் காளியப்பன் அண்ணன் தன்னோட மாட்டைக் கட்டி இழுத்துத்தான் காரை வெளிய எடுத்தாரு. வந்தவர் சாப்பிடாமலே போயிட்டாரு. போனவர் சும்மா இல்லாம எங்க கடையைப் பத்தி நெட்டுல எழுதியும் வச்சாரு. "வாசனை நல்லா இருந்தது. சாப்பாடு எப்படின்னு தெரியாது."

செல்வி அதை மூணு தடவை படிச்சா. அப்புறம் போனைக் கீழ வச்சுட்டு, வாணியம்பாடியில அவ அண்ணன் செருப்புக் கடையில ஒரு ஆள் இடம் காலியா இருக்குன்னு சொன்னா. இந்த மாசத்துக்குள்ள கடை முன்னாடி வண்டி நிக்கலன்னா, கடையைச் சாத்திட்டு நான் அங்க போய் உக்காந்துக்கலாமாம்.

"நான் இன்னா, கொழம்புச் சட்டியைத் தூக்கிக்கினு கார் பின்னாடி ஓடட்டுமா?"ன்னு கேட்டா.

இப்படி இருக்கும்போதுதான் வேலூர்ல இருந்து ஒரு மேடம் போன் பண்ணாங்க. ரிட்டயர்டு டீச்சருங்களா சேர்ந்து மாசம் ஒரு இடம் சுத்திப் பார்ப்பாங்களாம். ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு வேன்ல பதினாலு பேர் வர்றாங்க. சாப்பாடு புடிச்சிருந்தா, மலைக்கு வர்ற தெரிஞ்சவங்க எல்லாரையும் நம்ம கடைக்கே அனுப்பறதா சொன்னாங்க. கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"பார்க்கிங் இருக்கா?"

"இருக்குங்க மேடம். பெருசா."

போனை வச்சுட்டுத் திரும்பினா, பின்னாடி செல்வி நிக்கிறா. என்னை ஒரு தடவை பார்த்தா, வெளிய சேத்தை ஒரு தடவை பார்த்தா, உள்ள போயிட்டா.

ஆறு நாள் இருந்துச்சு. நான் ஒண்ணும் தெரியாம இறங்கற ஆள் இல்ல. திங்கக்கிழமை காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் உக்காந்து வீடியோ பார்த்தேன். மேல் மண்ணுல வேரும் குப்பையும் இருக்கும், அது மேல எதைப் போட்டாலும் உள்வாங்கிடும், அதனால ஒரு அடி வெட்டி எடுக்கணும். கீழ மண்ணை நனைச்சு இறுக்கணும். அதுக்கு மேல ஜல்லி, அதுக்கு மேல கல்லுத்தூள், கடைசியா ரோலர் எட்டுத் தடவை ஓடணும். தண்ணி வடியறதுக்கு ஒரு பக்கமா லேசா சரிவு வேணும். எல்லாத்தையும் பேப்பர்ல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு வரைஞ்சேன். மேல "டிசைன்"னு எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மண் பரிசோதனை கூடப் பண்ணேன். ஒரு பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டுக் குலுக்கி வச்சா மணல் எவ்வளவு, களி எவ்வளவுன்னு தெரியும்னு வீடியோவுல சொன்னாங்க. குலுக்கி, தேன் பாட்டில் விக்க வச்சிருக்கற பலகையிலயே வச்சுட்டேன். அன்னிக்கு வந்த ஒரே கஸ்டமர் அதைத் தூக்கிப் பார்த்துட்டு, "இது கொம்புத் தேனுங்களா?"ன்னு கேட்டாரு. கீழ படிஞ்சிருந்தது கலங்கிப்போச்சு. அதோட பரிசோதனை முடிஞ்சது.

செவ்வாயும் புதனும் காளியப்பன் அண்ணனும் அவர் வீட்டம்மா குப்பு அக்காவும் கூட வந்து மேல் மண்ணை வெட்டிக் குடுத்தாங்க. வெட்டின மண்ணைக் குப்பு அக்கா தன் அவரைக் கொடிக்குன்னு கூடை கூடையா எடுத்துட்டுப் போயிட்டாங்க. பள்ளத்துக்குப் பின்பக்கத்து மேட்டுல இருந்து செம்மண் கொண்டுவந்து நெரவினோம். வியாழக்கிழமை ஜல்லி லாரி வரணும். வரல.

வெள்ளிக்கிழமை நானே பஸ் புடிச்சு ஆலங்காயம் இறங்கினேன். லாரி அங்க ஒரு பட்டறையில சக்கரமே இல்லாம நின்னுட்டு இருந்துச்சு. லாரிக்காரர் அது பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தாரு. அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும்னு சொன்னாரு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கடைக்குச் சாமான் வேற வாங்கணும், திரும்ப சனிக்கிழமை மத்தியானம் ஆயிடும். அங்கயே நின்னு காளியப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஜல்லி வரலண்ணே, கையில இருக்கற மண்ணை வச்சே தட்டையா, கெட்டியா, ஒரு விரிசல் இல்லாம, ஒரு கல்லு இல்லாம பண்ண முடியுமான்னு கேட்டேன்.

"களம் மாதிரி பண்ணிடலாம் தம்பி"ன்னாரு.

"அதேதாண்ணே. களம் மாதிரி வேணும்"னு நானும் சொன்னேன்.

அப்புறம் அவர் ரெண்டு சந்தேகம் கேட்டாரு. முதல்ல, அந்தச் சரிவு வேணாமே, எல்லாம் உருண்டு ஒரு ஓரமாப் போயிடுமேன்னாரு. காரைத்தான் சொல்றாருன்னு நெனச்சு, சரி வேணாம்னேன். அப்புறம், சாயங்காலம் காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு கேட்டாரு. நம்ம கடைச் சோத்துல தூசி விழக்கூடாதுன்னு எவ்வளவு அக்கறையா பார்க்கிறாருன்னு எனக்கு மனசே நெறைஞ்சு போச்சு.

கூலி எவ்வளவுன்னு கேட்டதுக்கு, அஞ்சு வீட்டு ஆளுங்க சேர்ந்து செய்யறோம், கூலியெல்லாம் எதுக்குன்னாரு. அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். வரல. சந்தோசம்தான் வந்துச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். நான் ஆலங்காயத்துக்காரன். எங்க பக்கம் நெல்லை மெஷினே அறுத்து, அடிச்சு, மூட்டையில போட்டுக் குடுத்துடுது. களம்ங்கறது எனக்கு ஒரு பேச்சுக்குச் சொல்ற உதாரணம். காளியப்பன் அண்ணனுக்கு அது களம்.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினவன் அப்படியே நின்னுட்டேன். அப்படி ஒரு தரையை நான் என் வாழ்க்கையில பார்த்தது இல்ல. நனைச்சு, மாட்டை விட்டு மிதிக்க வச்சு, திம்சுக் கட்டையால தட்டி, மேல சாணி கரைச்சு மெழுகி வச்சிருக்காங்க. கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு கோலி குண்டை வச்சா அசையாது. சுத்தி அஞ்சு வீட்டு ஆளுங்களும் நின்னு ரசிச்சுட்டு இருக்காங்க.

பெருமையா உள்ள கால் வச்சேன்.

"கடைக்காரரே, செருப்பைக் கழட்டிட்டு வாங்க"ன்னாங்க குப்பு அக்கா.

என்னோட பார்க்கிங்ல செருப்பைக் கழட்டிட்டு நடந்தேன். ஓரத்துல செல்வியும் வெறுங்காலோட நிக்கிறா. ஈரம் காயற வரைக்கும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல கற்பூரம் ஏத்தித் தேங்காய் உடைச்சாங்க. ஒரு பார்க்கிங்குக்கு இவ்வளவு மரியாதையான்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஆளுக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில கடையைத் திறந்து வெளிய வந்து பார்த்தா, தரையைக் காணோம்.

முட்டி உயரத்துக்குச் சாமைக் கட்டு! ஒரு மூலை விடாம பரப்பி வச்சிருக்காங்க. நடுவுல ரெண்டு மாடு மெதுவா சுத்தி வருது. பின்னாடி காளியப்பன் அண்ணன் குச்சியோட நடக்கிறாரு. என்னைப் பார்த்ததும், டீ ஆச்சா தம்பின்னு கேட்டாரு.

"இன்னாண்ணே இது?"

"சாமை."

"அது தெரியுதுண்ணே. ஏன் இங்க?"

இந்தக் கேள்விதான் அவருக்குப் புரியல. களம் போட்டா வேற எங்க அடிப்பாங்க? போன்ல காத்து எந்தப் பக்கம்னு கேட்டதும் சாமை தூத்தத்தான். களம் போட யார் கை குடுத்தாங்களோ அவங்க வீட்டுச் சாமை அந்தப் பருவம் அங்கதான் அடிக்கும். இது மலையில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்கும் தெரிஞ்சுதான் அவங்க கூலி வேணாம்னதும் சரின்னேன்னு நெனச்சிருக்காரு.

மத்த வருசம் எல்லாம் ஊருக்குள்ள போற தார் ரோட்டுலயே பரப்பிடுவாங்களாம். போற வர்ற வண்டி அது மேல ஏறி இறங்கி, தானா அடிச்சுக் குடுத்துடும். இந்த வருசம் அதுல ஒரு பைக் வழுக்கி விழுந்து ஒருத்தருக்குக் கை ஒடைஞ்சுபோச்சு. ரோட்டுல போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு வீட்டுச் சாமையும் அறுத்துக் கட்டி வச்சபடி, அடிக்க இடம் இல்லாம கெடந்திருக்கு. அப்பத்தான் நான் போன் பண்ணி களம் மாதிரி வேணும்னு கேட்டிருக்கேன்.

பதினாலு பேர் வர்ற வேனைப் பத்தி சொன்னேன். ஒரு வண்டி நிக்க மட்டும் இடம் ஒதுக்குங்கண்ணேன்னு கெஞ்சினேன். அவர் மேல கையைக் காட்டினாரு. வானம் கறுத்துட்டு இருந்துச்சு.

"நாளைக்கு மழை எறங்கிடும் தம்பி. நனைஞ்சா மொளைச்சிடும். அஞ்சு வூட்டுக்கு வருசம் பூரா சோறு இதான்."

நான் கடையில ஆக்கிப் போடறதும் அவர் நிலத்துச் சாமைதான். எடுங்கன்னு எந்த வாயால சொல்றது? ரெண்டு மாட்டை வச்சு எப்ப முடியும்னு கேட்டேன். அஞ்சு வீட்டுதும் முடிய நாலஞ்சு நாள் ஆகும்னாரு.

சரி, ரோட்டுலயே நின்னு வேனை மடக்கி, அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஸ்கூல்கிட்ட நிறுத்தச் சொல்லலாம், வர்றவங்களை நடக்க வச்சுக் கூட்டிட்டு வரலாம்னு முடிவு பண்ணேன். எல்லாருக்கும் அறுபது வயசுக்கு மேல. மேடம்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துட்டே, உள்ள போய் வாழை இலை கழுவிட்டு இருந்தேன். ஒன்றரை மணிக்குத்தான் வர்றதா சொல்லியிருந்தாங்க.

பன்னெண்டு மணிக்கே ஹாரன் சத்தம் கேட்டுச்சு.

வெளிய ஓடி வந்தா, எனக்கு முன்னாடி குப்பு அக்கா ரோட்டுல நிக்கிறாங்க. தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து வீசி, வேனை உள்ள வரச் சொல்றாங்க. காளியப்பன் அண்ணன் மாட்டை ஓட்டிக்கிட்டு ஓரமா ஒதுங்கிட்டாரு.

டிரைவர் சாமைக் கட்டுகிட்ட வந்து பிரேக் போட்டுட்டுத் தலையை வெளிய நீட்டி, இது மேலயே வரலாமான்னு கேட்டாரு.

"வாங்க, வாங்க. இதான் பார்க்கிங்"னாங்க குப்பு அக்கா.

டிரைவர் நல்ல மனுசன். யார் கை காட்டினாலும் நம்பற ஆள். உள்ள விட்டாரு. அக்கா பின்னாடி வாங்கன்னாங்க, வந்தாரு. முன்னாடி போங்கன்னாங்க, போனாரு. ரைட்டுல ஒடிங்க, இன்னும் ஒடிங்க, இப்ப அப்படியே பின்னாடின்னாங்க. வேன் முக்கிக்கிட்டே ஒரு முழு வட்டம் சுத்தி வந்துச்சு. சக்கரம் ஏறி இறங்கின இடத்துல எல்லாம் சாமை உதிர்ந்து மணி மணியாக் கொட்டுது.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அக்கா வேனை நிறுத்தக் கூப்பிடல.

இதைத் தடுத்திருக்க வேண்டியவன் நான்தான். ஒரு வார்த்தை சொன்னா வேன் நின்னிருக்கும். ஆனா நான் உதிர்ந்த சாமையைப் பார்த்தேன், கறுத்த வானத்தைப் பார்த்தேன். அப்புறம் என் வாய்ல இருந்து என்ன வந்துச்சு தெரியுமா?

"சார், அந்த மூலையில இன்னும் சக்கரம் படலை. லெப்ட்ல கொஞ்சம் ஒடிச்சு வாங்க."

பத்து நிமிசம் ஓடிச்சு. ஜன்னல்ல பதினாலு முகம். ஒவ்வொரு சுத்துக்கும் அதே பதினாலு முகம் என்னைத் தாண்டிப் போகுது. ஒவ்வொரு தடவையும் பசி ஏறிட்டே வருது. நாலாவது சுத்துல மேடம் கண்ணாடியைத் தள்ளித் தலையை நீட்டினாங்க.

"எங்கதான் நிறுத்தணும்?"

"இடம் ரொம்பப் பெருசுங்க மேடம். அதான் தோதா ஒரு இடம் பார்த்துட்டு இருக்கோம்."

பதினஞ்சாவது நிமிசம் அடியில இருந்து லேசா புகை வந்துச்சு. வைக்கோல் சுத்திக்கிட்டு சைலன்சர்ல மாட்டிடுச்சு. சுத்தி அஞ்சு வீட்டுச் சோறு, நடுவுல பதினாலு பேர். டிரைவர் சட்டுனு வண்டியைத் தரை தெரிஞ்ச பக்கமா ஓட்டி நிறுத்தினாரு. காளியப்பன் அண்ணன் ஒரு கொக்கியைக் கொண்டாந்து வைக்கோலை இழுத்துப் போட்டாரு. செல்வி உள்ள இருந்து ரெண்டு குடம் தண்ணி கொண்டுவந்து ஊத்தினா. அடங்கிடுச்சு. ஒண்ணும் ஆகல.

டிரைவர் ஷூவோட கீழ இறங்கப் போனாரு. குப்பு அக்கா தடுத்துட்டாங்க. களத்துல செருப்பு, ஷூ எதுவும் படக்கூடாதாம்.

அவருக்கு அப்பத்தான் கோவம் வந்துச்சு. "நாலு டயரும் இவ்ளோ நேரம் மேல ஓடிச்சு, என் ஷூ படக்கூடாதா?"ன்னு கேட்டாரு.

"டயரு வண்டிக்குக் காலு. காலு படலாம். நீங்க போட்டுக்கினு இருக்கறது செருப்பு"ன்னாங்க அக்கா.

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுப் பார்த்தாரு. அப்புறம் ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு.

பதினாலு டீச்சரும் வரிசையா வெறுங்காலோட இறங்கி வந்தாங்க. மேடம் கடைசியா வந்தாங்க. சாமையைப் பார்த்தாங்க, டயர் தடத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. முப்பது வருசம் பிள்ளைங்களை பெஞ்சு மேல ஏத்தின கண்ணு அது. நான் என்னை அறியாம கையைக் கட்டிக்கிட்டேன்.

நீங்க போன்ல சொன்ன பார்க்கிங் எதுன்னு கேட்டாங்க. இதுதாங்க மேடம்னேன். அப்ப நாங்க இவ்வளவு நேரம் பண்ணது என்னன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள குப்பு அக்கா பதில் சொல்லிட்டாங்க.

"ஒரு வூட்டு சாமை முடிஞ்சிதும்மா. இன்னும் நாலு வூடு பாக்கி."

மேடம் சிரிக்கல. வாசல்ல நின்ன செல்வியைப் பார்த்து, முதல்ல சாப்பாடு போடுங்கம்மான்னாங்க.

போட்டோம். அன்னிக்குச் செல்வி வச்ச குழம்பு மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல. சுத்தி சுத்தி வந்ததுல அவங்களுக்கும் நல்ல பசி. பதினாலு பேரும் ரெண்டாம் தடவை சோறு வாங்கினாங்க. டிரைவர் மூணாம் தடவையும் வாங்கினாரு. நான் ரசம் ஊத்திக்கிட்டே வாணியம்பாடியில எனக்குச் செருப்பு விக்க வருமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

கை கழுவிட்டு வந்த மேடம் வானத்தை அண்ணாந்து பார்த்தாங்க. அதுக்குள்ள அடுத்த வீட்டுக் கட்டைப் பரப்பி முடிச்சிருந்தாங்க. மேடம் டிரைவரைக் கூப்பிட்டாங்க. "எப்படியும் திரும்பித்தானே வெளிய போகணும். மெதுவா ஒரு நாலு சுத்து சுத்தியே திருப்புங்க."

இந்தத் தடவை ஆளுங்களை ஏத்தாம வேன் மட்டும் ஓடிச்சு. காளியப்பன் அண்ணன் கொக்கியோட பின்னாடியே நடந்து, மாட்டின வைக்கோலை அப்பப்ப இழுத்துப் போட்டாரு. மேடம் ஓரமா நின்னு, அந்தப் பக்கம் விட்டுப்போச்சு, இந்தப் பக்கம் விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டே இருந்தாங்க.

கிளம்பும்போது எங்கிட்ட வந்தாங்க. "சாப்பாடு அருமை. பார்க்கிங் பொய். ரெண்டையும் எழுதிடறேன்"னாங்க. சொன்ன மாதிரியே ரெண்டையும் எழுதினாங்க.

மறுநாள் மழை சாயங்காலம்தான் இறங்கிச்சு. மூணு வீட்டுச் சாமை உள்ள போயிடுச்சு. மீதி ரெண்டு வீட்டுதைத் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிட்டு, வெயில் வந்ததும் மறுபடி பரப்பினாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் எந்த வீடியோவுலயும் பார்க்காதது. குப்பு அக்காவும் இன்னும் நாலு பேரும் ரோட்டோரம் நின்னுக்கிட்டு, அருவிக்குப் போற ஒரு காரைக் கூட விடறது இல்ல. நல்ல சாப்பாடு இருக்கு, நாட்டுக்கோழி இருக்கு, வந்துட்டுப் போங்கன்னு கையைப் புடிச்சு இழுக்காத குறை. ரெண்டு வருசமா போர்டு எழுதி வச்சு நான் கூப்பிட்டும் நிக்காத கார் எல்லாம் உள்ள வந்து, நாலு சுத்து சுத்தி, ஓரமா நின்னு, சாப்பிட்டுப் போகுது. புதன்கிழமை மதியம் ரெண்டு மணிக்குக் குழம்பு தீர்ந்துபோச்சு. செல்வி அவ அண்ணனுக்குப் போன் பண்ணி அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிட்டா.

ரோலர் எட்டுத் தடவை ஓடினா போதும்னு வீடியோவுல சொன்னாங்க. எங்க தரை மேல இதுவரைக்கும் எத்தனை டயர் ஓடியிருக்கும்னு எனக்கே கணக்கு இல்ல. மழைக்கப்புறமும் ஒரு சக்கரம் இறங்கல. லாரிக்காரருக்கு நானே போன் பண்ணி ஜல்லி வேணாம்னுட்டேன். அவர், நல்லவேளை, வண்டிக்கு இன்னும் சக்கரம் மாட்டலைன்னாரு.

இப்ப அஞ்சு வீட்டுச் சாமையும் முடிஞ்சுது. அப்பாடான்னு உக்காந்தேன். அடுத்த நாள் காலையில பக்கத்து ஊர்ல இருந்து ஏழு பேர் வந்து, தரையைத் தடவிப் பார்த்துட்டு, கேழ்வரகு இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நேத்து ஆம்பூர்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. இருபது பேர் வர்றோம், பார்க்கிங் இருக்கான்னு கேட்டாரு. செல்வி பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா. நான் உண்மையைச் சொல்லிட்டேன்.

"நிறுத்த இடம் இல்லைங்க. ஓட்ட இருக்கு."